புகைமூட்டப் பருவத்தில் வெளிநாட்டுப் பயணம்: எந்த எண்ணைப் பார்ப்பது, எந்த அறையில் தூங்குவது

மார்ச் மாதம் வட தாய்லாந்தின் சியாங் மாய்க்கோ செப்டம்பர் மாதம் சிங்கப்பூருக்கோ பயணச்சீட்டு எடுத்தவர்கள், கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "புகை இருக்குமாம், போகலாமா?" இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. காற்றில் எவ்வளவு புகை, அதில் எத்தனை மணி நேரம் இருக்கப் போகிறீர்கள், அப்போது நடப்பீர்களா உட்கார்ந்திருப்பீர்களா, உடம்பு எப்படிப்பட்டது என்று பிரித்துக் கேட்டால் பதில் கிடைக்கும்.

முதலில் ஒரு தெளிவு. புகைமூட்டம் மூடுபனி அல்ல. மூடுபனி வெறும் நீர்த்துளி. வெயில் ஏறியதும் கரைந்துவிடும். புகைமூட்டம் என்பது எரிந்த காடு, வயல், மண் ஆகியவற்றின் நுண்துகள். வெயிலுக்கு அது கரையாது; காற்று அடித்துக்கொண்டு போக வேண்டும், அல்லது மழை பெய்து கழுவ வேண்டும். இந்தத் துகள்களில் நமக்கு முக்கியமானவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. பிஎம் 2.5 என்று சொல்வது இவற்றைத்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்பதால், இவை எவ்வளவு பொடி என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். இவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கும். இருமல், கண் எரிச்சலோடு நிற்காமல் இதயநோய் உள்ளவர்களையும் புகை பாதிப்பது இதனால்தான்.

எங்கே, எப்போது

தென்கிழக்கு ஆசியாவில் புகைமூட்டத்துக்கு இரண்டு தனிப் பருவங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

ஒன்று வடக்கே. வட தாய்லாந்து, லாவோஸ், மியன்மாரின் ஷான் மலைப்பகுதி ஆகியவற்றில் பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை புகை இருக்கும். மார்ச்சும் ஏப்ரல் முதல் பாதியும்தான் உச்சம். காட்டுத்தீ, மக்காச்சோள வயல்களில் அறுவடைக்குப் பின் மிஞ்சும் தட்டையை எரிப்பது, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் புகை எல்லாம் சேர்ந்துகொள்ளும். சியாங் மாய் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன் மேல் வெப்பக் காற்று மூடிபோல உட்கார்ந்துவிடும். புகை மேலே போக வழியில்லாமல் விடியும்வரை அங்கேயே தேங்கும். நகரத்திலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டிய தோய் சுதேப் மலை அந்த நாட்களில் கண்ணுக்கே தெரியாது. லாவோஸின் லுவாங் பிரபாங்கும், வட தாய்லாந்தின் பாய் என்ற சிற்றூரும் இதேபோல் பள்ளத்தாக்குகள்தான். "ஊர் சின்னது, வண்டி குறைவு, காற்று நன்றாக இருக்கும்" என்று பாய்க்குத் தப்பிப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

இன்னொன்று தெற்கே. இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரியும் தீ, தென்மேற்குப் பருவக்காற்றோடு சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வருவது. ஜூலை முதல் அக்டோபர் வரை இதன் காலம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களே பெரும்பாலும் மோசம். எல் நினோ (பசிபிக் கடல் சூடேறும் நிலை) வந்து மழை பொய்க்கும் ஆண்டுகளில் கொடுமை கூடும். 1997-உம் 2015-உம் அப்படிப்பட்டவை. ஆனால் எல் நினோ இல்லாத 2013-இல், ஜூன் மாதத்திலேயே, சிங்கப்பூரின் காற்றுத் தரக் குறியீடான பிஎஸ்ஐ 401-ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து மலேசியாவின் மூவாரில் அந்நாட்டுக் குறியீடான ஏபிஐ 746-க்குப் போய், அங்கே அவசரநிலை அறிவித்தார்கள். ஆகவே மாதக் கணக்கு ஒரு கைவிளக்கு மட்டுமே.

தெற்குப் புகைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அங்கே எரிவதில் பெரும்பகுதி கரிச்சேற்று நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிய இலைதழைகள் மீட்டர் கணக்கில் அடுக்கடுக்காய்ப் படிந்த ஈரநிலம் அது. தோட்டம் போடக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அந்த மண் காய்ந்து தானே எரிபொருளாகிவிடும். தீ மேலே கொழுந்துவிடாமல் மண்ணுக்குள்ளே கனன்றுகொண்டே போகும். இப்படிக் கனலும் தீதான் கொழுந்துவிட்டு எரியும் தீயைவிட அதிகப் புகை கக்கும். ஒரு சாரல் மழைக்கு இது அணையாது. நிலத்தடி நீர்மட்டம் ஏறும் அளவுக்குத் தொடர்மழை வேண்டும். "நேற்று மழை பெய்துவிட்டதே, இனி பயமில்லை" என்று நம்பி ஹோட்டல் முன்பதிவை உறுதிசெய்ய வேண்டாம் என்பதற்குக் காரணம் இது. வடக்கிலும் ஏப்ரலில் ஓர் இடிமழை வந்து ஓரிரு நாள் வானம் நீலமாகும். பிறகு எண் மறுபடி ஏறும்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் கனடாவிலும் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை, தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பொலிவியாவிலும் அமேசான் பகுதியிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. கனடாவில் எரிந்த காட்டின் புகை 2023 ஜூனில் நியூயார்க் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியது. தீ இருக்கும் இடத்துக்குத்தான் புகை வரும் என்றில்லை.

ஒரே காற்றுக்கு மூன்று எண்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. செயலியில் 120 என்று பார்த்துவிட்டு "மிதம்தான்" என்பார் ஒருவர். அதே காற்றுக்கு 200 என்று பார்த்து அலறுவார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. காற்றுத் தரக் குறியீடு நாட்டுக்கு நாடு வேறு. ஒரு கனமீட்டர் காற்றில் 75 மைக்ரோகிராம் பிஎம் 2.5 நாள் முழுக்க இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் பிஎஸ்ஐ அதைச் சுமார் 120 என்று காட்டும். அமெரிக்க ஏக்யூஐ சுமார் 165 என்னும். தாய்லாந்தின் ஏக்யூஐ 200 என்னும். நுரையீரலுக்குள் போவது மூன்றிலும் அதே 75 மைக்ரோகிராம்தான்.

எனவே குறியீட்டை விட்டுவிட்டு, பிஎம் 2.5 செறிவை மைக்ரோகிராமில் பாருங்கள். நல்ல செயலிகள் எல்லாவற்றிலும் குறியீட்டிலிருந்து செறிவுக்கு மாற்றும் வசதி இருக்கும். அமைப்புகளுக்குள் ஒரு முறை மாற்றி வைத்துவிட்டால் போதும். தாய்லாந்துக்கு அரசின் ஏர்4தாய், சிங்கப்பூருக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் புகைமூட்டப் பக்கம், மலேசியாவுக்குச் சுற்றுச்சூழல் துறையின் ஏபிஐ பக்கம், அமெரிக்காவுக்கு ஏர்நௌ. ஐக்யூஏர் போன்ற தனியார் செயலிகள் எல்லா ஊரையும் ஒரே இடத்தில் காட்டும். ஆனால் அவை சில இடங்களில் தனிநபர் வைத்திருக்கும் மலிவு உணர்கருவிகளையும் சேர்த்துக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து இரண்டு புள்ளிகள் 40 என்றும் 140 என்றும் காட்டினால், அரசு நிலையம் எது என்று பார்த்து அதை நம்புங்கள்.

இன்னொரு பொறி, சராசரி நேரம். சிங்கப்பூரின் பிஎஸ்ஐ 24 மணி நேரச் சராசரி. புகை நண்பகலில் திடீரென வந்தால், கடந்த காலைப்பொழுதின் நல்ல காற்றும் கணக்கில் சேர்ந்துகொண்டு எண் சாதுவாகவே இருக்கும். அதேபோல் புகை விலகிய பிறகும் பல மணி நேரம் எண் பயமுறுத்தும். இப்போது வெளியே போகலாமா என்று முடிவு செய்ய 1 மணி நேரப் பிஎம் 2.5 எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அங்கே அதையும் தனியாக வெளியிடுகிறார்கள்: 55 வரை சாதாரணம், 56 முதல் 150 வரை கூடுதல், 151 முதல் 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த வரம்பு ஒரு நாளுக்கு 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு 5. புகைப்பருவத்தில் இந்த வரம்பைத் தாண்டாத நாள் அபூர்வம். அதைப் பார்த்துப் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. நடைமுறையில் மணிநேர எண்ணை இப்படி எடுத்துக்கொள்ளலாம். 35 வரை வழக்கம்போல் சுற்றலாம். 35-லிருந்து 55 வரை ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் மூச்சு வாங்கும் வேலைகளைத் தவிர்க்க வேண்டும். 55 தாண்டினால் எல்லாருக்கும் வெளியில் மாஸ்க், மலையேற்றமும் ஓட்டமும் கிடையாது. 125 தாண்டினால் அவசியத்துக்கு மட்டும் வெளியே. 225-க்கு மேல் போய் ஓரிரு நாளில் இறங்கும் அறிகுறியும் இல்லையென்றால் ஊரை மாற்றுவதே புத்திசாலித்தனம்.

உள்ளே போவது எவ்வளவு

இனி மையமான கணக்கு. புகையின் செறிவு, ஒரு மணி நேரத்தில் இழுக்கும் காற்று, மணி நேரங்கள் இந்த மூன்றையும் பெருக்கினால் உள்ளே போகும் அளவு வரும்.

தூங்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்று இழுக்கிறோம், அதாவது மணிக்கு 0.36 கனமீட்டர். விழித்து உட்கார்ந்திருந்தால் 8 லிட்டர், நிதானமாக நடந்தால் 20 லிட்டர், ஓடினால் 60 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே செறிவு 100. சாதாரண ஹோட்டல் அறையில் கதவு, ஜன்னல் மூடியிருந்தும் 70. மூன்று மணி நேரம் ஊர் சுற்றி நடந்தால் 360 மைக்ரோகிராம். ஒரு மணி நேரம் ஓடினாலும் அதே 360. அறையில் எட்டு மணி நேரத் தூக்கத்தில் 200, விழித்திருக்கும் நான்கு மணி நேரத்தில் 135, ஆக 335.

எண்கள் தோராயமானவைதான், ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள். சும்மா அறையில் கிடந்த நேரத்துக்கும் தெருவில் நடந்த நேரத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. வெளியில் மாஸ்க் போட்டுக்கொண்டு, அறைக்கு வந்ததும் "உள்ளே வந்தாச்சு" என்று நிம்மதியாகிறவர்கள் பாதியைத்தான் தடுக்கிறார்கள். அறைக்குள் செறிவை 10-க்கு இறக்கினால் அந்த 335 சுமார் 48 ஆகிவிடும், அதுவும் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே. மாஸ்க் போட முடியாத கைக்குழந்தைக்கு அறைதான் ஒரே கவசம். ஆகவே அறையிலிருந்து தொடங்குவோம்.

அறையைச் சுத்தமாக்குவது

முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவை இரண்டு. ஜன்னல் எப்படிப்பட்டது? சறுக்கும் கண்ணாடியோ, முழுதாக அடைத்த கண்ணாடியோ பரவாயில்லை. சட்டம் சட்டமாகத் திறக்கும் கண்ணாடிப் பட்டை ஜன்னல், மூங்கில் குடில், கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுவெளி விட்ட மரவீடு இவற்றில் எந்தக் கருவி வைத்தும் பயனில்லை. புகைப்பருவத்தில் அழகான குடிலைவிட அடைத்த கான்கிரீட் பெட்டியே மேல். இரண்டாவது, ஏர் பியூரிஃபையர் தருவார்களா? சியாங் மாயில் பல விடுதிகள் இப்போது தருகின்றன. "இருக்கிறது" என்ற பதிலோடு விடாமல், மாடல் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

ஏனென்றால் அளவுதான் எல்லாம். கருவியின் மேல் சிஏடிஆர் என்று ஓர் எண் இருக்கும். மணிக்கு எத்தனை கனமீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பது அது. அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, அதை 5-ஆல் பெருக்குங்கள். 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை, உயரம் 2.5 மீட்டர் என்றால் 50 கனமீட்டர்; தேவை 250. எண் நிமிடத்துக்குக் கன அடியில் இருந்தால் 1.7-ஆல் பெருக்கி மாற்றிக்கொள்ளலாம். யூஎஸ்பி-யில் ஓடும் கையடக்கக் கருவிகளின் சிஏடிஆர் பெரும்பாலும் 20, 30-தான். அந்த அறையின் காற்றை அது ஒரு முறை வடிகட்டவே இரண்டு மணி நேரம் ஆகும்; அதற்குள் புதிய புகை வந்துவிடும். பெட்டியில் இடத்தை அடைப்பதைத் தவிர வேறு வேலை செய்யாது. அயனி, ஓசோன் என்று விளம்பரப்படுத்துபவற்றைத் தொடவே வேண்டாம்; ஓசோன் தானே நுரையீரலைப் புண்ணாக்கும்.

கருவி கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பின்மூடியைத் திறந்து ஃபில்டரைப் பார்ப்பது. புது ஃபில்டர் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே உள்ளே இருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் அடிக்கடி நடக்கும். விளக்கு எரியும், காற்று வரும், வடிகட்டல் மட்டும் நடக்காது. உறை இல்லையென்றால் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையோ வெளிர் சாம்பலோ சரி. கறுத்து, புகைநாற்றம் அடித்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, திரைச்சீலை மறைக்காமல், கட்டிலுக்கு அருகே வையுங்கள். படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே உச்ச வேகத்தில் ஓடவிட்டு, பிறகு தூக்கம் கெடாத அளவுக்குக் குறைக்கலாம். "ஆட்டோ" வேண்டாம். அதன் உணர்கருவி தூசி படிந்து, புகை இருக்கும்போதே பச்சை விளக்கைக் காட்டி வேகத்தைக் குறைத்துவிடும்.

இதெல்லாம் செய்தும் எண் இறங்காவிட்டால் குளியலறையைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். சாதாரணக் குளியலறை ஃபேன் மணிக்கு 80 முதல் 100 கனமீட்டர் காற்றை வெளியே தள்ளும். தள்ளிய அளவுக்கு ஏதோ ஓர் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வந்தே தீரும். மேலே சொன்ன அறையில், ஃபேன் நின்றிருக்கும்போது 10-ஐ ஒட்டி இருக்கும் செறிவு, ஃபேன் ஓடினால் 30-ஐத் தொடும். ஃபேனை நிறுத்துங்கள்; நிறுத்த முடியாத வகை என்றால் குளியலறைக் கதவை மூடி, கதவடி இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வையுங்கள். அறைக்கதவின் அடியிலும் அப்படியே. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் தாழ்வார வெளிச்சம் எங்கெல்லாம் உள்ளே வருகிறதோ அங்கெல்லாம் காற்றும் வருகிறது என்று பொருள்.

ஏசி பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு. சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. அதன் வலை பெரிய தூசியை மட்டும் பிடிக்கும், பிஎம் 2.5-ஐப் பிடிக்காது. புகையை உள்ளே கொண்டுவராது, இருப்பதை எடுக்கவும் எடுக்காது. ஜன்னலை மூடிவைத்தும் வெந்துபோகாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். ஜன்னல் ஏசியில் வெளிக்காற்று மடல் ஒன்று இருக்கும், அதை மூடுங்கள்.

முழுக்க அடைத்த சிறிய அறையில் இருவர் இரவு முழுக்கத் தூங்கினால் கரியமில வாயு ஏறி, காலையில் தலை கனக்கும். தாழ்வாரக் கதவை ஐந்து நிமிடம் திறந்துவிட்டு மூடினால் போதும். பியூரிஃபையர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கொசுவத்தி, ஊதுவத்தி, மெழுகுவத்தி மூன்றும் அறைக்குள் தடை. ஒரு கொசுவத்தி சுற்று அத்தனை உழைப்பையும் கெடுத்துவிடும். கொசு இருந்தால் வலையோ பூச்சுக் களிம்போ.

மாஸ்க்

அறுவைச் சிகிச்சை மாஸ்க்கின் துணி ஓரளவு வடிகட்டும். ஆனால் கன்னத்தின் இரு பக்கமும் திறந்தே கிடப்பதால் மூச்சு அந்த வழியாகத்தான் போகும். ஈரக் கைக்குட்டை சாம்பலைத் தடுக்கும், பிஎம் 2.5-ஐத் தடுக்காது. வேண்டியது என்95, எஃப்எஃப்பி2, கேஎன்95, கேஎஃப்94 இவற்றில் ஒன்று. நான்கின் துணியும் கிட்டத்தட்ட ஒரே திறன், நுண்துகளில் 94, 95 சதவீதத்தைப் பிடிக்கும். வேறுபாடு பட்டையில். என்95-இன் பட்டை தலையைச் சுற்றிப் போகும்; கேஎன்95-உம் கேஎஃப்94-உம் காதில் மாட்டுபவை. தலைப்பட்டை அசௌகரியம்தான், ஆனால் முகத்தோடு இறுக்கிப் பிடிப்பது அதுவே. காதுவளையம் உள்ள "என்95" கண்ணில் பட்டால் அது போலி. அமெரிக்க அங்கீகாரம் பெற்ற என்95 எதற்கும் காதுவளையம் கிடையாது, மாஸ்க் மீதே டிசி-84ஏ என்று தொடங்கும் எண் அச்சாகி இருக்கும். கேஎன்95-இல் ஜிபி 2626-2019, எஃப்எஃப்பி2-இல் இஎன் 149 என்ற தர எண் இருக்க வேண்டும். மூச்சுவிடும் வால்வு உள்ளது புகைக்குத் தாராளமாகப் போதும். வெயிலில் சற்று இதமும்கூட.

போடும் முறையை அவசரப்படாமல் ஒரு முறை கண்ணாடி முன் பழகுங்கள். மாஸ்க்கை முகவாய்க்கட்டைக்குக் கீழிருந்து வைத்து மூக்குவரை ஏற்றி, கீழ்ப்பட்டையைக் காதுக்குக் கீழே பிடரியில், மேல்பட்டையை உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் மாட்டவும். இரண்டு பட்டையும் ஒன்றையொன்று குறுக்கிடக் கூடாது. மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்திப் படியவிடவும். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூம்பு எழுந்து அங்கே ஓட்டை விழும். பிறகு இரு உள்ளங்கைகளையும் மாஸ்க்கின் மேல் வைத்து வேகமாக மூச்சுவிட்டுப் பாருங்கள். கண்ணுக்கோ கன்னத்துக்கோ காற்று அடித்தால் சரியில்லை. மூக்குக்கண்ணாடி ஆவி பிடிப்பதும் அதே அடையாளம். இழுக்கும்போது மாஸ்க் லேசாக உள்வாங்க வேண்டும். தாடி இருந்தால் இந்தச் சோதனையில் தேறவே முடியாது. இரண்டு நாள் தாடியும் மாஸ்க் ஓரத்தில் இடுக்கு விடும்.

சரியாகப் பொருந்திய என்95 உள்ளே போவதைப் பத்தில் ஒன்றாக்கும் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 360, 36 ஆகும். தளர்வாகப் போட்டால் பாதிகூடக் குறையாது. புகைவாசனை மாஸ்க்குக்குள்ளும் வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். வாசனை வாயுக்களால் வருவது. துகள் ஃபில்டர் வாயுவைத் தடுக்காது.

மாஸ்க்கைத் துவைக்காதீர்கள், கிருமிநாசினி அடிக்காதீர்கள். அதன் நூலிழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பதால்தான் அவ்வளவு மெல்லிய துணி அவ்வளவு துகளைப் பிடிக்கிறது. ஆல்கஹாலோ சோப்போ பட்டால் அது போய்விடும். பார்வைக்குப் புதிது, வேலைக்கு வெறும் துணி. புகைக்காக மட்டும் போடுவதென்றால் ஒரே மாஸ்க்கைக் காகித உறையில் காயவைத்துப் பல நாள் பயன்படுத்தலாம். மூச்சிழுக்கக் கனத்தாலோ, பட்டை தளர்ந்தாலோ, நனைந்தாலோ மாற்றுங்கள். குழந்தைகளுக்கு என்95 தரச்சான்று கிடையாது. சிறிய அளவு கேஎஃப்94 கிடைக்கும், பொருத்தம் பார்த்து வாங்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்த மாஸ்க்கும் கூடாது.

ஒரு சின்ன அளவுக்கருவி

லேசரால் துகளை அளக்கும் பாக்கெட் மானி ஒன்று வைத்திருப்பது வீண்செலவல்ல. அறை சுத்தமாகிறதா, உணவகத்தின் உள்கூடம் வெளியைவிட நல்லதா என்று ஊகிக்காமல் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதை வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஈரப்பதம் 85 சதவீதம் தாண்டினால் நீர்த்துளியையும் துகள் என்று எண்ணி அதிகமாகக் காட்டும்; குளியலறை ஆவி, வாசனைத் தெளிப்பான் பக்கம் வைத்தால் எண் எகிறும். ஊர் வந்ததும் அரசு நிலையம் இருக்கும் பகுதியில் ஒரு முறை வெளியே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மானி எப்போதும் ஒன்றரை மடங்கு காட்டுகிறது என்று தெரிந்தால், அதை ஒன்றரையால் வகுத்துப் படிக்கலாம். மலிவுக் கருவிகளில் கூடவே வரும் ஃபார்மால்டிஹைடு எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம்.

வெளியே போகும் நேரம், வண்டி, விமானம்

பள்ளத்தாக்கு ஊர்களில் அதிகாலைதான் மோசம். வெயில் ஏறி அந்த வெப்பக்காற்று மூடி உடைந்தபின், பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்துக்குள் பெரும்பாலும் நாளின் குறைந்த எண் வரும். காலையில் கோயில், மாலையில் அறை என்ற வழக்கமான பயணத் திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூரில் இந்த விதி செல்லாது. அங்கே காற்றின் திசைதான் தீர்மானிக்கும். சிங்கப்பூரில் உள்ள ஆசியான் சிறப்பு வானிலை மையம் தீப்புள்ளிகளையும் காற்றுத் திசையையும் ஒரே வரைபடத்தில் தருகிறது. புள்ளிகள் நிறைய, காற்றும் உங்கள் பக்கம் என்றால் நாளைக்கு உள்ளரங்கத் திட்டம் போடலாம். புள்ளிகள் குறைந்துவிட்டதால் தீ அணைந்தது என்று முடிவுகட்டாதீர்கள்; மேகம் மறைத்தால் செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

வாடகைக் காரில் ஏறியதும் ஓட்டுநரிடம் உட்காற்றுச் சுழற்சியைப் போடச் சொல்லுங்கள். வெளிக்காற்று வரும் நிலையில் ஏசி ஓடினால் முன்னால் போகும் லாரியின் புகையும் சேர்ந்து வரும். நீண்ட பயணத்தில் அரைமணிக்கு ஒரு முறை ஒரு நிமிடம் கண்ணாடியை இறக்கினால் தூக்கக் கலக்கம் வராது. டுக்டுக், சியாங் மாயின் சிவப்பு சோங்தேவ் (பின்புறம் திறந்த பகிர்வு வண்டி), மோட்டார் சைக்கிள் எல்லாம் தெருவில் நிற்பதற்குச் சமம். மாஸ்க் கழற்ற வேண்டாம்.

புகையால் விமானம் ரத்தாவது பார்வைத்தூரம் குறைவதால். சிறிய விமான நிலையங்களே முதலில் மாட்டும். 2015-இலும் 2019-இலும் சுமத்ரா, கலிமந்தான் நகரங்களில் இது நடந்தது. பனியும் புகையும் கலந்த காலை நேரமே பார்வைத்தூரம் மிகக் குறைவு என்பதால் நண்பகல் விமானம் பாதுகாப்பு. இணைப்பு விமானத்துக்கு ஒரு மணி நேர இடைவெளி போதாது. பயணக் காப்பீடு பெரும்பாலும் விமானம் ரத்தானால் பணம் தரும். காற்று மோசம் என்று நீங்களாகத் திரும்பினால் தராது. புகைமூட்டம் செய்தியான பிறகு எடுத்த காப்பீடு அதை "முன்பே அறிந்த நிகழ்வு" என்று ஒதுக்கிவிடலாம். எனவே காப்பீட்டை முன்கூட்டியே எடுப்பதும், கட்டணமின்றி ரத்து செய்யும் அறையைப் பிடிப்பதும்தான் உருப்படியான வழி. வட தாய்லாந்திலிருந்து தப்ப வேண்டுமானால் மேலும் மலையேறாமல் தெற்கே கடலோரம் போங்கள். மார்ச்சில் அந்தமான் கடற்கரைப் பக்கம் வழக்கமாகக் காற்று நன்றாகவே இருக்கும்.

உடம்பு

ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரைப் பார்த்து, எண் ஏறினால் மருந்தை எப்படி மாற்றுவது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பயணத்தில் விட்டுவிடுவதே பல இரவுநேர மூச்சுத்திணறலுக்குக் காரணம். உடனடி நிவாரண இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போனால் தேவைப்படும்போது கிடைக்காது. மருந்துச்சீட்டில் வணிகப்பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கச் செய்யுங்கள். வேற்றுநாட்டு மருந்துக்கடைக்கு அதுதான் புரியும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அந்த நாட்களில் கண்ணாடிக்கு மாறுவது நல்லது. கண் உறுத்தினால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, மூக்கு எரிந்தால் உப்புநீர்க் கழுவல். அதற்குக் கொதித்து ஆறிய நீரோ காய்ச்சி வடித்த நீரோ மட்டுமே. நுரையீரலைக் "கழுவும்" பானம் என்று எதுவும் இல்லை.

தொண்டைக் கரகரப்பு, லேசான தலைவலி, இருமல் புகையில் சகஜம். சுத்தமான அறையில் ஓர் இரவு தூங்கினால் குறையும். குறையாமல் மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ, நிவாரண இன்ஹேலர் எடுத்தும் அடங்காவிட்டாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாவது, குழப்பமான பேச்சு ஆகியவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. ஆம்புலன்ஸ் எண் தாய்லாந்தில் 1669, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, இந்தோனேசியாவில் 119. கிளம்புவதற்கு முன்பே கைபேசியில் பதிந்து, கூட வருகிறவரிடமும் சொல்லிவையுங்கள்.